முறுக்கு சாப்பிடவில்லை

கண்ணு,

முறுக்கு சாப்பிடவில்லை. மே மாதம் நடுவில் ஓர் எலியை விழுங்கியதோடு சரி, இப்போது செப்டம்பர் முடியப்போகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மில்பிடாஸிலிருந்து தவறாமல் மூன்று வார்த்தை அனுப்புவாய்: 'டிட் ஷி ஈட்?' நான் 'எஸ்' என்று பதில் போடுவேன். நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாய். அப்பனுக்கும் மகனுக்கும் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான். அந்த 'எஸ்' ஒன்பது முறையும் பொய். ஜூலையில் நீ போட்டோ கேட்டபோது, போன வருடம் எடுத்த படத்தை, வயிற்றில் இரை புடைத்துக்கொண்டு அவள் சுகமாகக் கிடந்த படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு நாலு மாதம் ஓடியது. அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, நீ நம்பினாய், அவ்வளவுதான்.

முந்தாநாள் உனக்கு போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கத்தவில்லை. சனிக்கிழமை ஃப்ளைட்டில் வருகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னாய். வைக்கப்போகிற சமயத்தில், எத்தனையோ வருடமாக என்னிடம் தமிழ் பேசாத நீ, "வேற ஏதாச்சும் இருக்காப்பா? நீங்க சொல்லாதது?" என்று கேட்டாய். நான் "ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். அது பத்தாவது பொய். அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் போனை மேலே காட்டினால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லிவிடும் என்பது எனக்குத் தெரியும், அதனால் நான் மொழிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. இங்கிலீஷில் எனக்கு ஆபீஸ் ரிப்போர்ட் எழுத மட்டும்தான் வரும். பழுதை அழகாக மூடி எழுதி எழுதியே இருபத்தைந்து வருடம் கழித்தவன் நான்.

முதலில் முறுக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உனக்கு அது உடனே வேண்டும். மற்றதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும்.

உனக்குப் பதினாலு வயதில் அவளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாய். நான் வாசலிலேயே நின்று, பாம்பு உள்ளே வந்தால் நான் வெளியே போகிறேன் என்றேன். "போங்க, போறப்ப குப்பைய எடுத்துட்டுப் போங்க" என்றாள் உன் அம்மா. பந்தாகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்து முறுக்கு என்று பெயர் வைத்ததும் அவள்தான். முப்பது வருடம் உயிரோடு இருக்கக்கூடிய ஜாதி என்று நீ சொன்னபோது, "அப்ப எனக்கப்புறமும் இது இருக்கும்" என்று சிரித்தாள். கராஜில் எலிக்கென்று தனியாகக் குட்டி ஃப்ரீசர் ஒன்று வாங்கவைத்தாள். நீ ஆஸ்டினுக்குப் படிக்கப் போன பிறகு முறுக்குக்குச் சாப்பாடு போட்டது முழுக்க அவள்தான், உனக்குத் தெரியும். உறைந்த எலியை ஃபிரிட்ஜில் வைத்து இளகவிடுவாள். பிறகு வெந்நீரில் போட்டு, உடம்புச் சூடு வந்ததா என்று பார்த்து, நீள இடுக்கியால் குகை வாசலில் ஒரே ஒரு முறை லேசாக ஆட்டிக்காட்டுவாள். வாங்கினால் வாங்கட்டும், இல்லாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவாள். எட்டிப் பார்க்கமாட்டாள். நான் போய்ப் பார்க்கட்டுமா என்றால், "சாப்படறவங்க வாயப் பார்க்கக் கூடாதுங்க, பேசாம உக்காருங்க" என்பாள். அந்த வித்தை முழுவதும் அவள் அப்படி விட்டுவிட்டு வந்ததில்தான் இருந்தது என்று எனக்கு இப்போது, இவ்வளவு கெடுத்த பிறகு புரிகிறது.

உன் புது அப்பார்ட்மெண்டில் பாம்பு வைக்கக்கூடாது என்றதும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டேன். "ஆர் யூ ஷ்யூர், அப்பா?" என்று நீ மூன்று முறை கேட்டாய். பாம்பின் மேல் எனக்கு என்ன பிரியம்? அவள் இங்கே இருந்தால் நீ விசாரிப்பாய். என்னை விசாரிக்காவிட்டாலும் அவளை விசாரிப்பாய். அதற்காகத்தான் வைத்துக்கொண்டேன். அதே காரணத்துக்காகத்தான் சாப்பிடவில்லை என்பதையும் மறைத்தேன். தெரிந்தால் ஆஸ்டின் சிநேகிதன் யாரையாவது அனுப்பி எடுத்துப் போய்விடுவாய். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு என்ன இருக்கும்? வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் உண்மை.

கெட்டுப்போனது அம்மாவின் இரண்டாவது திதியன்று. நீ வரவில்லை. ஹூஸ்டனிலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு குடும்பமாக வந்து, குழந்தைகளோடு நாலு நாள் தங்கினார்கள். அவர்கள் பயப்படுவார்களே என்று முறுக்கின் தொட்டியை உன் அறையிலிருந்து லாண்ட்ரி ரூமுக்கு நகர்த்தினேன். பக்கத்திலேயே டிரையர். பத்துப் பேர் துணி நாள் முழுக்க அதில் உருண்டது. பாம்புக்குக் காது கிடையாது, சத்தம் என்ன செய்யும் என்று நினைத்தேன். அது வயிற்றால் கேட்கிறது, தரை அதிர்ந்தால் அதற்கு உடம்பெல்லாம் அதிர்கிறது. போதாக்குறைக்கு, திதி கொடுக்கிறவன் எதற்கும் குறைவைக்கக்கூடாது என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டு, அந்த அறையிலும் ஒரு சுற்று காட்டினேன். நாக்கை நீட்டிக் காற்றை முகர்ந்து வாழ்கிற பிராணிக்கு அது என்னவாக இருந்திருக்கும்! அந்த வாரம் எலியைத் தொடவில்லை.

அப்போது சும்மா இருந்திருந்தால் போதும். பதறாத காரியம் சிதறாது என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாளே இன்னோர் எலியைச் சூடுபண்ணி எடுத்துப் போனேன். அதற்கு மறுநாளும். நம் வீட்டில் ஒருவர் போதும் என்றால் அது போதும் என்று அர்த்தமில்லையே, இன்னும் ஒரு முறை கேட்க வேண்டும் என்றுதானே அர்த்தம். விருந்தாளி இலையை மடித்தாலும் விரித்துப் போடுகிற கூட்டம் நாம். அந்தப் பழக்கத்தில் ஒரு பாம்பின் முகத்துக்கு நேரே தினமும் செத்த எலியை ஆட்டிக்கொண்டு, "ஒரே ஒரு வாய், கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கதவு திறக்கிற அதிர்வு கேட்டாலே தலையை உள்ளே வைத்துப் பந்தாகிவிடுவாள். நானோ அதைப் பசி மயக்கம் என்று நினைத்தேன்.

பிறகு, பழுது வந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிற என் உத்தியோகப் புத்தி வேலை செய்தது. எலி வேண்டாமென்றால் சுண்டெலி. இந்த விளக்கு வேண்டாமென்றால் வேறு விளக்கு. தொட்டி சிறிதாக இருக்கிறதோ என்று நாலடி நீளத்தில் புதிதாக ஒன்று வாங்கி, ஹாலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தேன். பெரிய வீடு வாங்கிக் கொடுத்தால் யாரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்கிறவன் நான், இங்கே காப்பெலில் இந்த நாலு பெட்ரூம் வீட்டை வாங்கியபோது உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வருகிறது. அந்த ஜாதிப் பாம்புக்கு உடம்பை நாலு பக்கமும் தொடுகிற இறுக்கமான பொந்து வேண்டும், அங்கே இருந்தால்தான் அதற்குப் பயம் தெளியும். நான் அவளை மைதானத்தில் விட்டுவிட்டேன். வாரம் ஒன்றை மாற்றினேன், மாற்றுவதே நோய் என்று தெரியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்டில் செய்ததை எழுதக் கை வரவில்லை. உயிரோடு ஓடினால் பிடிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, உயிருள்ள எலி ஒன்றை வாங்கிவந்து உள்ளே விட்டேன். வேண்டவே வேண்டாம் என்று நீ ஒட்டிவைத்துப் போன வளர்ப்புக் குறிப்பில் சிவப்பில் எழுதியிருந்தாய், படித்துக்கொண்டேதான் விட்டேன். மதியம் ஒரு மீட்டிங். முடித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், எலி அவள் மேல் உட்கார்ந்து முதுகைக் கொறித்துக்கொண்டிருந்தது. அவள் ஓடவுமில்லை, திருப்பிக் கடிக்கவுமில்லை. தலையை நடுவில் புதைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். நான் எலியை எடுத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை என்பது உனக்குத் தெரியும்.

பாம்புக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோனேன், நாற்பது நிமிஷ டிரைவ். ஜாக்கெட்டுக்குள் துணிப்பையில் அவளை வைத்து, ஏசியைப் போடாமல் ஓட்டினேன். முதன்முதலாக அவளை என் மேல் வைத்திருந்தது அன்றைக்குத்தான். வயிற்றுப்பக்கம் அசைந்துகொண்டே இருந்தாள், எனக்குப் பயமே வரவில்லை. காயம் ஆறிவிடும் என்றார் டாக்டர். இந்தப் பாம்புகள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது புதிதல்ல, எடை நிற்கிறவரை கவலை வேண்டாம் என்றார். முறுக்கின் எடை நிற்கவில்லை. அம்மா மைசூர்பாகுக்கு மாவு நிறுக்கிற தராசில்தான் நிறுத்துக்கொண்டு வந்தேன். ஆயிரத்து எண்ணூறு கிராமுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஆயிரத்து நானூறைத் தொட்டுவிட்டாள். முதுகெலும்பு விரலுக்குத் தெரிகிறது. டாக்டர் சொன்ன வழி இது: பழைய தொட்டி, பழைய அறை, சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக இரண்டு இறுக்கமான பொந்து. இரண்டு வாரத்துக்கு யாரும் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சூடான எலி. அதற்கும் வாங்காவிட்டால் குழாய் போட்டு ஊட்ட வேண்டியிருக்கும், பிழைப்பது நிச்சயமில்லை, அதை வளர்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். வளர்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அந்த வார்த்தை வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதைக் கேட்டு எனக்கே பயமாகிவிட்டது. டாக்டர் சொன்னபடியெல்லாம் செய்தேன். பதினாலு நாளும் உன் அறைக் கதவைத் தாண்டிப் போகும்போது தரை அதிராமல் காலை எடுத்து வைத்தேன். பதினைந்தாம் நாள் அம்மா செய்வதுபோலவே செய்துவிட்டு, எட்டிப் பார்க்காமல் கீழே வந்து உட்கார்ந்தேன். காலையில் எலி வைத்த இடத்திலேயே கிடந்தது. அதற்குப் பிறகுதான் உனக்கு போன் பண்ணினேன். நல்லவனாகிவிட்டதால் பண்ணினேன் என்று நினைக்காதே. செய்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாததால் பண்ணினேன்.

இந்தப் புளுகு எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் நியூ ஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஈரோட்டில் என் அப்பா படுத்துவிட்டார். அப்போது நீ பிறக்கவில்லை. வாரம் ஒரு முறை போன் பண்ணுவேன். "அப்பா நல்லா சாப்படறாரு, நீ ஒண்ணும் வெசனப்படாத" என்பார் என் அண்ணன். தூரத்தில் இருக்கிறவனிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம், விசா, வேலை, டிக்கெட் என்று அவன் தவிப்பானே என்கிற கரிசனம். அவர் தண்ணீரைக்கூட விழுங்காமல் பத்து நாள் கிடந்த கதை எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனிடம் ஒரு வருடம் பேசவில்லை. என் பிள்ளைக்கு இதை ஒருநாளும் செய்யமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள்தான் சாட்சி.

அவள் விஷயத்திலேயே அதை உனக்குச் செய்தேன். ஆஸ்டின் எங்கே இருக்கிறது, மூன்றரை மணி நேரம். ட்ரீட்மெண்ட் நடக்கிறது என்று உனக்குத் தெரியும், அது வேலை செய்யவில்லை என்பது ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். நீ போன் பண்ணும்போதெல்லாம் "அம்மா நல்லா சாப்பிடறா, நீ எக்ஸாமைப் பாரு" என்றேன். சாப்பிடவில்லை, கண்ணு. அவளுக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதத்தை எனக்குத் தெரிந்த அரைகுறைச் சமையலில் குழைய வேகவைத்து, ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு வாய் என்று காலையும் மதியமும் சாயங்காலமும் நின்றேன். வீட்டுக்கு வந்த நர்ஸ், உடம்பே வேண்டாம் என்கிறது, விட்டுவிடுங்கள் என்றாள். நான் விடவில்லை. "வற்புறுத்தாதீங்க, வலிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உன் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாம்பையும் அவளையும் ஒன்றாகப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இரண்டு இடத்திலும் அதே ஆள்தான் கையில் எதையோ நீட்டிக்கொண்டு நின்றான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை உன் கடைசி எக்ஸாம். அன்று காலை அவள் போய்விட்டாள், நீ ஹாலுக்குள் போனை அணைத்து வைத்திருந்தாய். சாயங்காலம் வந்து நின்று, ஏன் சொல்லவில்லை என்று கத்தினாய். ஆட்கள் சுற்றி நின்றார்கள். உன் முகத்தைப் பார்க்க முடியாமல், "அம்மாதான் சொல்ல வேண்டாம்னா" என்றேன். நீ சட்டென்று அடங்கிப்போனாய். "ஷி டிடின்ட் வான்ட் மீ தேர்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே மாடிக்குப் போனாய். என் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று அந்த நிமிஷத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது, அவ்வளவு கேவலமானவன் நான். அந்தக் கோபம் எங்கே போனது என்பது பிறகுதான் தெரிந்தது. அஸ்தி கரைக்க நீ வரவில்லை. முதல் திதிக்கு வரவில்லை, இரண்டாவதுக்கும் வரவில்லை. அவள் படத்தை உன் அறையிலிருந்து எடுத்து ஹாலில் வைத்துவிட்டுப் போனாய்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை, "தம்பியக் கூப்பிட்டு விடுங்க, பார்க்கோணும்" என்றாள். எக்ஸாம் என்றேன். புதன்கிழமை மறுபடியும் கேட்டாள். "வெள்ளிக்கிழம முடியுது, அன்னிக்கே வந்துருவான்" என்றேன். "அது வரைக்கும் இருப்பனுங்களா?" என்று கேட்டாள். இருப்பாய் என்றேன். அவள் உன்னைக் கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். மறித்தது நான் ஒருவன்தான். அதற்கு மேல் என்னிடம் சாக்குச் சொல்லக் காரணம் எதுவும் இல்லை. நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவள் மேல் உனக்கு இருக்கிற கோபத்தை மட்டும் எடுத்து என் மேல் போட்டுவிடு.

சனிக்கிழமை நீ வரும்போது வீட்டுச் சாவி வழக்கமான இடத்தில் இருக்கும். முறுக்கு உன் அறையில், பழைய தொட்டியில் இருக்கிறாள். நேராக அவளிடம் போ, என்னிடம் வர வேண்டியதில்லை. பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று உன்னிடம் நான் சொல்வது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்து, தூரத்தில் இருக்கிற யாராவது வீட்டில் எல்லோரும் எப்படி என்று உன்னைக் கேட்டால், இருப்பதை இருப்பதுபோல் சொல்லிவிடு. வந்து அழட்டும். வந்து அழுவது ஒரு பாக்கியம், அதை நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. வியாழக்கிழமை மதியம் அவள் கண்ணைத் திறந்து, "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்டாள். "சாப்பிட்டானாம்" என்றேன். "என்ன சாப்பிட்டான்?" என்றாள். பர்கர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வெறும் பர்கரா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று நான் உனக்கு போனே பண்ணியிருக்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் என்னிடம் இல்லை. அந்த வியாழக்கிழமை மதியம் நீ சாப்பிட்டாயா, கண்ணு?

அப்பா